நண்பர்களுக்குள் நல்லது கெட்டது சொல்லிக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒன்றாகப் பள்ளியில் படித்த அறுபத்திரண்டு பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். பாதிப் பேர் திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், திசையன்விளை, சங்கரன்கோவில் என்று சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். மற்றவர்கள் சென்னை, மும்பை, துபாய், மஸ்கட் என்று பிழைக்கப் போன இடத்தில் இருக்கிறார்கள். யார் வீட்டிலாவது நல்லதோ கெட்டதோ நடந்தால், அதை எழுதுவதற்கு முன்னால் என்னைத் தனியாக அழைத்து "இதைப் போடலாமா, எப்படிப் போடுவது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வந்த சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லி வந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, ஒண்ணுமில்லாத சின்ன விஷயத்தையெல்லாம் எழுதலாமா? ஆட்கள் சலிச்சுக்க மாட்டாங்களா?

தாராளமாக எழுதுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் நாள்தோறும் காலையில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகிறவர். குளித்துவிட்டுத் துண்டோடு நின்றபடியே, ஆற்றில் தண்ணீர் இன்றைக்கு எத்தனையாவது படியில் நிற்கிறது என்று ஒரே வரி எழுதுவார். "மூன்றாவது படி, கலங்கல்" என்றோ "ஐந்தாவது படி, மீன் தெரிகிறது" என்றோ இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இராது. மஸ்கட்டில் இருக்கும் நண்பர் காலையில் எழுந்ததும் முதலில் படிப்பது அந்த வரியைத்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனி மாதம் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல் விழுகிறதா, ஐந்தருவியில் கூட்டம் எப்படி என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு அது ஊரோடு இருக்கும் ஒட்டுதல்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. அந்தப் படித்துறை நண்பர் ஒரு முறை மூன்று நாள் தொடர்ந்து எழுதவில்லை. நான்காம் நாள் காலையில் அவரை அழைத்தவர்கள் பதினொரு பேர். படியில் வழுக்கி இடுப்பில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த அவர், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்றாடம் எழுதி வந்ததனால்தான் எழுதாதது எங்கள் கண்ணில் பட்டது.

எதைப் பொதுவில் சொல்லணும், எதைத் தனியாகச் சொல்லணும்?

ஒரு செய்தி யாருக்கு நடந்ததோ அவருக்கு உரியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டுப் பால்காய்ச்சு, உங்கள் பணி உயர்வு, உங்கள் கால்வலி ஆகியவற்றை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் தம்பியின் வேலை போனதும், மனைவியின் மருத்துவச் சோதனை முடிவும், மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதும் உங்கள் வீட்டில் நடந்தவையே ஆனாலும் அவர்களைக் கேட்காமல் எழுதக்கூடியவை அல்ல.

முறை ஒன்றும் உண்டு. பெரிய செய்தியை மிக நெருங்கிய நாலைந்து பேருக்குப் போனில் பேசிச் சொல்லிவிட்டு அதன் பிறகு பொதுவில் எழுதுங்கள். கூடப்பிறந்தவர்போலப் பழகிய ஒருவர், உங்கள் மகன் கல்யாணம் நிச்சயமான செய்தியை அறுபது பேரில் ஒருவராகப் படித்துத் தெரிந்துகொண்டால் அவர் மனம் வாடும். அதை வெளியே சொல்லவும் மாட்டார்.

கல்யாணப் பத்திரிகையைப் படமா அனுப்பினாப் போதுமா, நேரில் போய்த்தான் வைக்கணுமா?

உறவினர்களுக்குத் தாம்பூலத்தோடு நேரில் வைப்பதில் நம் ஊரில் மாற்றம் இல்லை. நண்பர்களில் உள்ளூரில் இருப்பவர்களுக்கு நேரில் வைப்பதும், வெளியூரில் இருப்பவர்களுக்கு முதலில் போனில் அழைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு படம் அனுப்புவதும் போதுமானவை. அழைத்துப் பேசாமல் படம் மட்டும் வந்தால், அது அழைப்பா, தகவலா என்று படிப்பவருக்குத் தெரியாது. வரத் தயங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தயக்கத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

படத்தோடு நாலு வரி எழுதியும் அனுப்புங்கள்: தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். "திருநெல்வேலியில் கல்யாணம்" என்று மட்டும் சொன்னால் வெளியூர்க்காரருக்கு ஜங்ஷனா, டவுனா, பாளையா என்று விளங்காது. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறவர் டவுன் ரத வீதிக்குப் போக இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். முதல் நாள் மாலை நிச்சயதாம்பூலம் உண்டா, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கும் நண்பர்கள் இருக்க வேண்டுமா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்கேற்பத்தான் அவர்கள் ரயிலில் இடம் பதிவு செய்ய முடியும்.

பத்திரிகைன்னு சொல்லி ஒரு கோப்பு வந்திருக்கு. திறக்கலாமா?

கோப்பின் பெயர் ஏபிகே (apk) என்ற மூன்று எழுத்தில் முடிந்தால் தொடாதீர்கள். அது அழைப்பிதழ் அன்று. போனில் புகுந்து குறுஞ்செய்திகளையும் வங்கி ரகசிய எண்களையும் எடுக்கும் செயலி. உண்மையான அழைப்பிதழ் படமாகவோ, பிடிஎஃப் ஆகவோ, காணொளியாகவோதான் வரும். தெரிந்த நண்பரின் எண்ணிலிருந்து வந்தாலும், அவர் போனே களவு போயிருக்கலாம் என்பதால் அழைத்துக் கேட்டுவிட்டுத் திறங்கள். தவறிப்போய்த் திறந்து பணமும் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

"வீட்டில் விசேஷம்"னு எழுதினாப் போதாதா?

போதாது. நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் விசேஷம். மருமகள் உண்டாகியிருந்தாலும் விசேஷம். இறந்தவருக்குச் செய்யும் பதினாறாம் நாள் காரியத்தையும் விசேஷம் என்றுதான் சொல்கிறோம். எங்கள் குழுவில் ஒருவர் "வரும் வியாழன் வீட்டில் விசேஷம், அனைவரும் வரவும்" என்று எழுதினார். உடனே ஒன்பது வாழ்த்துகள் வந்துவிட்டன. பூங்கொத்துப் படம் ஒன்றும் வந்தது. அது அவருடைய ஆச்சியின் பதினாறாம் நாள். அவர் யாரையும் கோபிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பூங்கொத்தை அனுப்பியவன் நான் என்பதால், அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. இன்ன காரியம், இன்னாருக்கு என்று ஒரு சொல் கூட்டி எழுதிவிடுங்கள்.

துஷ்டிச் செய்தியை எப்படி எழுதணும்? அந்த நேரத்துல கை ஓட மாட்டேங்கு.

சாவு நேர்ந்த வீட்டில் கை ஓடாத நேரம் என்பதால்தான் எழுத வேண்டியதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இறந்தவர் பெயர், நண்பருக்கு என்ன உறவு, வயது, எப்போது இறந்தார், உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எங்கே கொண்டு போகிறார்கள், வழி கேட்க யாரை அழைக்கலாம் ஆகியவை வேண்டும். இவற்றில் எடுக்கும் நேரம்தான் மிக முக்கியம். சென்னையிலிருந்து புறப்படுகிறவர் அதை வைத்துத்தான் ரயிலா, காரா என்று முடிவு செய்வார். நேரம் முடிவாகவில்லை என்றால் "எடுக்கும் நேரம் பிறகு" என்று எழுதிவிட்டு, முடிவானதும் மறக்காமல் தெரிவியுங்கள். "நம் நண்பரின் தகப்பனார், வயது 78, இன்று அதிகாலை 4 மணிக்குக் காலமானார். உடல் பெருமாள்புரம் வீட்டில் உள்ளது. நாளை காலை 11 மணிக்கு எடுக்கிறார்கள்" என்று நண்பர் பெயரையும் சேர்த்து எழுதினால் அதுவே நிறைவான செய்தி.

சொல்லையும் அந்தந்த வீட்டார் வழக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ வீடுகளில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்பார்கள். மேலப்பாளையத்தில் "வஃபாத்தானார்" என்பார்கள். அங்கே அடக்கத்துக்குமுன் ஜனாஸா தொழுகை எந்தப் பள்ளிவாசலில், எத்தனை மணிக்கு என்பதையும் எழுத வேண்டும். இஸ்லாமிய வீடுகளில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள் என்பதால் செய்தியும் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். இறந்தவருடைய கடைசி நிலைப் படத்தைப் போடாதீர்கள். நல்ல உடம்போடு இருந்த காலத்துப் படம் ஒன்று போதும், அதுவும் வீட்டார் கொடுத்தால் மட்டும்.

நான் கேள்விப்பட்டுட்டேன், வீட்டு ஆட்கள் இன்னும் எழுதலை. நானே போட்டுறலாமா?

கூடாது. அந்த வீட்டில் இருக்கும் ஒருவரிடம் குரலில் பேசி, "குழுவில் சொல்லட்டுமா?" என்று கேட்டு, சரி என்ற பிறகே எழுத வேண்டும். துபாயில் இருக்கும் மகனுக்கு, தகப்பனார் இறந்ததை அவன் விமானம் ஏறும் வரை சொல்ல வேண்டாம், உடம்பு முடியவில்லை என்று மட்டும் சொல்வோம் என்று வீட்டார் முடிவு செய்திருப்பார்கள். அந்த மகன் நம் குழுவிலேயே இருப்பான்.

ஆள் மாறிப்போவதும் உண்டு. நம் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இல்லாத தெரு இல்லை. ஒரு முறை தெருவும் பெயரும் ஒத்துப்போன இருவரில் ஒருவர் இறந்ததை நம்பி, உயிரோடு இருந்த எங்கள் ஆசிரியருக்கு இரங்கல் எழுதிவிட்டார்கள். அவரே போனை எடுத்துப் பேசியபோது எங்களுக்கு நா எழவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் வரை எல்லாரிடமிருந்தும் நீக்கலாம்; ஆனால் அதற்குள் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதை நீக்க முடியாது.

துஷ்டிக்கு என்னை யாரும் கூப்பிடலையே, நான் போகலாமா?

நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வைத்த வழக்கம். துஷ்டி வீட்டிலிருந்து தனி அழைப்பை எதிர்பார்க்காதீர்கள். போனதும் நீளமாக விசாரிக்க வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். புறப்படும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொள்வதும் வழக்கமில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

அன்றைக்குப் போக முடியாதவர்கள் பிறகொரு நாள் துஷ்டி கேட்கப் போகலாம். சில வீடுகளில் அதற்குக் கிழமை பார்ப்பார்கள் என்பதால் கேட்டுக்கொண்டு போவது நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள் போனில் பேசுங்கள். கும்பிட்ட கைப் படத்தை மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். முதல் நாள் நூறு பேர் பேசுவார்கள்; பதினாறு முடிந்து பந்தல் பிரித்த பிறகு யாரும் பேச மாட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு முறை அழையுங்கள்.

கருமாதிப் பத்திரிகை வந்தாப் படிச்சதும் கிழிச்சிருவோம். போனில் வந்ததையும் அழிச்சிரணுமா?

வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று கிழித்துப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் உங்கள் போனில் அழித்துக்கொள்ளலாம். அதில் யாருக்கும் குறை இல்லை. குழுவிலிருந்து எல்லாருக்குமாக நீக்கச் சொல்லாதீர்கள். நேரமும் முகவரியும் பார்க்க வேண்டியவர்கள் இன்னும் இருப்பார்கள்.

ஒருத்தரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கு. ரத்தம் வேணும்னு போடலாமா?

போடலாம், ஆனால் முழுவதுமாகப் போடுங்கள். ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, எந்தத் தேதிக்குள், உடன் இருப்பவரின் பெயர், எண் ஆகிய எல்லாம் வேண்டும். "ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் அவசரம், ஓ நெகட்டிவ்" என்று தேதியில்லாமல் எழுதிய செய்தி, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை நம்பிப் பேருந்து ஏறி வந்து திரும்பியவர்கள் அடுத்த முறை உண்மையான அழைப்புக்கு வர மாட்டார்கள். ரத்தம் கிடைத்த உடனே "கிடைத்துவிட்டது, இனி வேண்டாம்" என்று அதே இடத்தில் எழுதுவது உங்கள் கடமை.

கொடுக்க முன்வருகிறவர்கள் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர்கள் கொடுக்கலாம். ஒரு முறை கொடுத்த ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். நோய் என்ன, எந்த உறுப்பில், மருத்துவர் என்ன சொன்னார் என்ற விவரம் ரத்தம் கேட்கும் செய்திக்குத் தேவையே இல்லை. அது நோயாளிக்கு உரியது. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் பொருந்தும்.

மருமகள் உண்டாகியிருக்கா. எப்போ சொல்லலாம்?

மூன்று மாதம் கழியட்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை அந்த முதல் மூன்று மாதத்துக்குள்தான் நேர்கின்றன. எல்லாருக்கும் சொல்லிவிட்ட பிறகு அப்படி ஒன்று நடந்தால், ஒவ்வொருவருக்கும் மறுபடி விளக்கும் பாரம் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். ஆகவே எப்போது சொல்வது என்பதை அவளே சொல்லட்டும். குழந்தை ஆணா பெண்ணா என்று பிறக்கும் முன்பு கேட்காதீர்கள். ஸ்கேனில் அதைத் தெரிவிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கல்யாணமாகி ஓராண்டு ஆன நண்பர் பிள்ளைகளைப் பார்த்து "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் பழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு ஆண்டாகக் கோவில் கொடைக்கு ஊருக்கு வராத தம்பதியை எனக்குத் தெரியும்.

பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைப் போடலாமா?

மகிழ்ச்சியைச் சொல்லுங்கள், பட்டியலைப் போடாதீர்கள். அதில் பதிவெண், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். அதே நாளில் அதே தேர்வில் தவறிய பிள்ளையும் நம் குழுவில் ஒருவர் வீட்டில் இருக்கலாம் என்பதை நினைத்து, மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் அதுவும் வேண்டாம்.

வர முடியலை. மொய்யை ஜிபேயில் அனுப்பலாமா?

அனுப்பலாம், இப்போது யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. நூற்றொன்று, ஐநூற்றொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து அனுப்பும் வழக்கத்தையும் விட வேண்டியதில்லை. மொய் நோட்டில் எழுதுவதுபோல உங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். கல்யாண வீட்டுக்காரர் பிறகு நோட்டைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்; வங்கிச் செய்தியில் வரும் பெயரை வைத்து அவரால் கண்டுபிடிக்க முடியாது. அனுப்பிய தொகையைக் குழுவில் சொல்லாதீர்கள்.

நண்பர் அவசரமாப் பணம் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கார். அனுப்பிறலாமா?

முதலில் அவரோடு பேசுங்கள். பத்திரிகைக் கோப்பைப் பற்றி மேலே சொன்னதுபோல, எண் அவருடையதாக இருந்தாலும் எழுதியது வேறு ஆளாக இருக்கலாம். உண்மையாகவே அவர்தான் என்றால், கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள். அதை மூன்றாம் ஆளிடம் சொல்லாதீர்கள். வேலை போன ஒருவர் கூச்சத்தை விட்டு நம்மிடம் வாய் திறந்திருக்கிறார் என்றால், அவர் நம்மைத் தன் வீட்டு ஆளாக நினைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மழை வெள்ளம் மாதிரி நேரத்துல என்ன எழுதணும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பக்கம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் போனதால் பல செய்திகள் அனுப்பிய நேரத்துக்கு வந்து சேரவில்லை. "தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது" என்று ஒருவர் ஞாயிறு இரவு எழுதியது எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் அவர் மாடியேறி, படகில் மீட்கப்பட்டு, மாமனார் வீட்டில் பத்திரமாக இருந்தார். அது தெரியாமல் இரண்டு பேர் அவரைத் தேடிக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

அதனால் அப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு செய்தியிலும் தேதியையும் மணியையும் கையால் எழுதுங்கள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், எந்தத் தெரு, எந்த மாடி, என்ன வேண்டும் என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள். பத்திரமான இடத்துக்குப் போனதும் அதையும் எழுதுங்கள். யாரோ அனுப்பிய "அணை உடைந்தது" போன்ற செய்தியைக் கண்ணால் பார்த்தவர் சொல்லாமல் மேலும் அனுப்பாதீர்கள்; அன்றிரவு பரவிய வதந்திகளால் வயதானவர்கள் இருட்டில் வீட்டை விட்டு இறங்கி ஓடியதைப் பார்த்தேன்.

ஒருத்தர் என்னிடம் தனியாகச் சொன்னதை இன்னொருத்தர் வந்து நேராகக் கேட்கிறார். தெரியாதுன்னு பொய் சொல்லலாமா?

பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம். "அதை அவரிடமே கேளுங்கள், நான் சொல்வது முறையாகாது" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலிலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடாதா என்று கேட்கிறார்கள், தெரியத்தான் செய்யும். அதனால், சாதாரண விஷயங்களிலும் அடுத்தவர் செய்தியைக் கேட்டால் இதே பதிலைச் சொல்லிப் பழகுங்கள். அப்போது பெரிய விஷயத்தில் சொல்லும்போது வித்தியாசம் தெரியாது.

ரெண்டு நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. ஒருத்தர் வீட்டில் துஷ்டி. இன்னொருத்தருக்குச் சொல்லணுமா?

சொல்ல வேண்டும். அவர் குழுவை விட்டு விலகியிருந்தாலும் போனில் அழைத்து, எடுக்கும் நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். "நீ வர வேண்டும்" என்று வற்புறுத்தவோ, பழைய சண்டையை எடுக்கவோ கூடாது. கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்ற வழக்கம், கேள்விப்படாதவரைக் கட்டாது; கேட்கச் செய்வது நம் பொறுப்பு.

எங்கள் குழுவில் நிலத் தகராறு ஒன்றால் ஆறு ஆண்டு பேசாதிருந்த இருவரில் ஒருவருடைய தாயார் இறந்தபோது, மற்றவருக்கு நான்தான் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாக வந்து, பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தூக்க ஆள் கூப்பிட்டபோது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பின்பக்கம் தோள் கொடுத்தார். தீச்சட்டியோடு முன்னால் நடந்த நண்பர் தெரு முனையில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருக்குத் தனியாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.